கர்சிவ் கையெழுத்தில் வேகம் எங்கே தடைபடுகிறது?

தேர்வு முடிந்து விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்த வாரங்களில்தான் கையெழுத்துக்காக ஆக்குபேஷனல் தெரபியை (எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையை) தேடி வரும் பெற்றோர் அதிகம். "பதில் எல்லாம் தெரியுதாம், எழுதி முடிக்கத்தான் நேரம் பத்தலையாம், வேகமா எழுதச் சொன்னா கோழி கிறுக்கின மாதிரி ஆயிடுது" என்பார்கள். இவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் நான்காம், ஐந்தாம் வகுப்பினர். பென்சில் போய்ப் பேனாவும், நான்கு கோட்டு நோட்டு போய் ஒற்றைக் கோட்டு நோட்டும் வருகிற பருவம் அது. எழுத வேண்டிய அளவும் அப்போதுதான் கூடுகிறது.

எழுதி முடித்த நோட்டு எழுத்தின் வடிவத்தைக் காட்டுமே தவிர, நேரம் எங்கே போனது என்பதைக் காட்டாது. ஆகவே குழந்தை எழுதும்போது பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். ஒரே ஆங்கில வாக்கியத்தை முதலில் 2 நிமிடம் அழகாகவும், பின்பு 2 நிமிடம் வேகமாகவும் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வேன். 9 முதல் 16 வயதினருக்காக 2007-இல் வெளிவந்த 'டாஷ்' என்ற பிரிட்டிஷ் கையெழுத்து வேகச் சோதனையிலும் இந்தப் பகுதி உண்டு. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கையால் அப்போதைக்கு அவ்வளவுதான் முடியும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அதட்டுவதில் பயனில்லை. வேகம் கூடி வடிவம் மட்டும் குலைந்தால், பெரும்பாலும் எழுத்துகளை இணைக்கும் இடங்களில்தான் கோளாறு இருக்கும்.

கர்சிவ் நோட்டுகளில் ஏ முதல் இசட் வரை ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே பக்கம் பக்கமாக எழுதிப் பழகும் குழந்தைக்கு, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள கோட்டைப் பழகும் வாய்ப்பு குறைவு. சின்ன எழுத்துகளில் பி (b), ஓ (o), வி (v), டபிள்யூ (w) ஆகிய நான்கும் அடிக்கோட்டில் முடியாமல் மேலேயே முடிகின்றன. அடுத்த எழுத்தை அங்கிருந்தே தொடங்க வேண்டும். 'பிரவுன்' (brown) என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள நான்கு இணைப்புகளில் மூன்று இப்படிப்பட்டவை. பியை முடித்த குழந்தை ஒரு கணம் நின்று, பேனாவை எடுத்து, ஆர் எழுத்தைக் கீழிருந்து புதிதாகத் தொடங்குவதைப் பார்த்தால், நேரமும் அழகும் ஒரே இடத்தில் போவது தெரியும். இதற்கு இரண்டு பக்கம் காப்பி எழுதுவது மருந்தல்ல. பி-ஆர், ஓ-டபிள்யூ, டபிள்யூ-என் என்று தடுக்கும் ஜோடியை மட்டும் எடுத்து, நாளுக்கு ஐந்து நிமிடம், முதலில் மெதுவாக எழுதிப் பழகினால் போதும். ஐயின் புள்ளியையும் டியின் குறுக்குக் கோட்டையும் சொல் முழுவதும் முடிந்த பிறகே போட வேண்டும். நீண்ட சொல்லின் நடுவில் ஒருமுறை பேனாவை எடுப்பதை நான் குற்றமாகச் சொல்வதில்லை. சில பள்ளிகள் சொல்கின்றன என்பது வேறு விஷயம்.

அடுத்தது அழுத்தம். தாளைத் திருப்பி விரலால் தடவினால் எழுத்துகள் புடைத்துத் தட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அரைப் பக்கத்துக்குள் கை வலிக்கத் தொடங்கி, வேகமும் வடிவமும் சேர்ந்தே சரியும். இரண்டு தாள்களுக்கு இடையே கார்பன் தாளை வைத்து, கீழ்த்தாளில் பதியாதபடி எழுதச் சொல்வது குழந்தைகளுக்குப் பிடித்த பயிற்சி. கட்டை விரல் ஆள்காட்டி விரலின் மேல் மடங்கிக் கிடந்தால் விரல்கள் அசைய இடமில்லாமல் மணிக்கட்டே எல்லா வேலையையும் செய்யும். கட்டிலில் கவிழ்ந்து படுத்து எழுதும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்க, மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் தாளைச் சற்று இடப்பக்கமாகவும், இடக்கைப் பழக்கமுள்ளவர் வலப்பக்கமாகவும் சாய்த்து வைத்தால் மணிக்கட்டு வளையாது.

அழகு என்று நாம் சொல்வதில், சின்ன எழுத்துகளின் உயரமும் சாய்வும் ஒரே சீராக இருப்பதும் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதுமே படிப்பவருக்குத் தேவை. பெரிய எழுத்துகளின் சுருள்களைத் தேர்வுத்தாளில் தாராளமாக விட்டுவிடலாம்.

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் தலை நிமிரும் குழந்தைக்குச் சிக்கல் கையில் இல்லாமல், எழுத்துக்கூட்டலிலோ பார்வையிலோ இருக்கலாம். முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதக்கணக்கில் பழகியும் எழுத்து வடிவமே மனத்தில் நிற்கவில்லை என்றால், டிஸ்கிராஃபியா என்னும் எழுதுதிறன் குறைபாடு உள்ளதா என மதிப்பீடு செய்வது அவசியம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகக் கொள்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கோரலாம். மதிப்பீட்டுக்கும் சான்றிதழுக்கும் நாள் பிடிக்கும் என்பதால், பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.