கண்ணில் பூச்சி பறந்தால் கழுவிக்கொண்டு இருக்காதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் விழித்திரை (கண்ணின் உள்ளே பின்புறம் ஒளியை உணரும் மெல்லிய படலம்) பாதி கழன்ற பிறகுதான் வந்தார். கண்ணில் பூச்சி பறந்ததாம், ஓரத்தில் மின்னல் வெட்டியதாம். தூசி என்று நினைத்துப் பல நாளாகக் கழுவியிருக்கிறார். மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்தும் போட்டிருக்கிறார். "வலிக்கவில்லையே டாக்டர்" என்கிறார்.

தூசி கண்ணுக்கு வெளியே விழுவது. உறுத்தும், நீர் வடியும். பூச்சி போலத் தெரிவது கண்ணுக்கு உள்ளே, விட்ரியஸ் என்ற கண்ணாடி போலத் தெளிந்த கூழில் மிதப்பது. கண்ணின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கூழ்தான். அதில் சுமார் 98 சதவீதம் தண்ணீர், மீதியில் கொலாஜன் இழைகள். வயதாக ஆகக் கூழ் நீர்த்து, இழைகள் திரண்டு, அவற்றின் நிழல் விழித்திரையில் விழுகிறது. வெளியே எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது அங்கே போகாது. சொட்டு மருந்து கரைக்காது. கண்ணாடி பவரை மாற்றினாலும் மறையாது. புரையும் இல்லை, புரை முன்னால் இருக்கும் லென்ஸில் வருவது.

பல வருடமாக ஒன்றிரண்டு மிதந்து, அப்படியே இருந்தால் பயம் வேண்டாம். திடீரென்று கூடினால்தான் சிக்கல். சுருங்கும் கூழ் விழித்திரையை விட்டு விலகும்போது பிடித்து இழுக்கும், மின்னல் அதனால்தான். இப்படித் திடீர் அறிகுறியோடு வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு விழித்திரை கிழிந்திருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. வலிக்கட்டும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

கிழிசலோடு வந்தால் பெரும்பாலும் லேசர் போட்டு அன்றே அனுப்பிவிடுவோம். கழன்ற பிறகு என்றால் அறுவை சிகிச்சை. பலருக்கு உள்ளே வாயு நிரப்பி நாள்கணக்கில் குப்புறப் படுக்கச் சொல்வோம். வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. நடுப்பகுதியும் கழன்றிருந்தால் பழைய பார்வைக்கு உறுதி தர முடியாது.

பூச்சி திடீரெனக் கூடினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அன்றைக்கே வாருங்கள். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், புரை அறுவை செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் இன்னும் கவனம். சர்க்கரை நோயாளிக்குப் புகை போலக் கறுப்பு பரவினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் கெட்ட கண்ணை நல்ல கண் மறைத்துவிடும். கண்மணியை விரிக்க மருந்து போடுவோம், சில மணி நேரம் மங்கலாகத் தெரியும். தயவுசெய்து வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

அப்புறம், ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினாலும் சில வாரத்தில் மறுபடி வரச் சொல்வோம். அதற்கும் வாருங்கள். கிழிசல் தாமதமாகவும் விழும்.