மழை மேல் பழி போடும் முன்

ஒரே தெரு, ஒரே மழை, ஒரே கம்பெனியின் டி.டி.எச். பக்கத்து வீட்டில் சீரியல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ‘சிக்னல் இல்லை’ என்று வந்து நிற்கிறது. மழை விட்டதும் தானாகச் சரியாகிவிடுவதால் பழி முழுவதும் மழை மேல் விழுகிறது. மழைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பல வீடுகளில் கோளாறு அதற்கு மாதக்கணக்கில் முன்பே ஆரம்பித்திருக்கும்.

நம் டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு 60 செ.மீ. டிஷ்ஷில் வந்து விழும் சக்தி எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் சில பங்கு, அவ்வளவுதான். அதைக் குவித்து, தட்டுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. சில லட்சம் மடங்கு பெருக்கி, கேபிள் வழியாகக் கீழே அனுப்புகிறது.

டி.டி.எச். பயன்படுத்துவது கே.யூ. பேண்ட் அலை. ஒரு அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளிகள் இந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. கேபிள் டிவிக்காரர்களின் பெரிய டிஷ்கள் வாங்கும் சி பேண்ட் அலை இதைவிட மூன்று மடங்கு நீளம் என்பதால் மழை அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. அடை மழையிலும் கேபிள் ஓடும், டி.டி.எச். நின்றுவிடும் என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் பக்கத்து வீட்டில் மட்டும் எப்படி? டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி வைத்திருந்தால், சாதாரண நாளில் தேவைக்கு மேலேயே சிக்னல் கிடைக்கும். அந்த உபரிதான் மழைக்காலக் கையிருப்பு. டிஜிட்டல் ஒளிபரப்பில் பிழைதிருத்தும் தகவலும் சேர்ந்தே வருவதால், சிக்னல் ஓர் எல்லைவரை குறைந்தாலும் படத்தில் மாற்றமே தெரியாது. எல்லையைத் தாண்டினால் சட்டென்று போய்விடும். பழைய ஆன்டெனா காலத்தில் படம் முதலில் புள்ளி புள்ளியாக மங்கி நமக்கு எச்சரிக்கை கொடுக்கும். இங்கே அது கிடையாது. கையிருப்பு முழுவதும் கரைந்துபோயிருந்தாலும் வெயில் நாளில் படம் பளிச்சென்றுதான் இருக்கும்.

கரைவதற்கு எவ்வளவு நகர வேண்டும்? 60 செ.மீ. டிஷ்ஷின் மேல் விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டர் சாய்ந்தால் போதும். பார்வை சுமார் ஒன்றரை டிகிரி விலகி, வரும் சக்தி பாதியாகிவிடும். டிஷ் கம்பத்தில் துணி காயப்போடக் கொடி கட்டாத மொட்டை மாடி அபூர்வம். ஈரப் போர்வை நாலு தொங்கினால் ஒன்றரை சென்டிமீட்டர் ஒரு பெரிய விஷயமா?

இதைக் கண்டுபிடிக்க ரிமோட்டே போதும். செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்துக்குப் போனால் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். எல்லோரும் முதல் பட்டையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே பக்கத்து நாற்காலிக்காரர் பேசுகிறார். காதில் விழும் சத்தத்துக்குக் குறைவில்லை, அவர் சொல்வதுதான் புரியவில்லை. வலிமை என்பது காதில் விழும் மொத்தச் சத்தம், தரம் என்பது புரிகிற பேச்சு. டிஷ்ஷை வெறும் வானத்துக்குத் திருப்பினாலும் எல்.என்.பி. தன் சொந்த இரைச்சலைப் பெருக்கி அனுப்பும். வலிமைப் பட்டை ஓரளவு ஏறியே நிற்கும். அதனால் பார்க்க வேண்டியது தரம். அதையும் மழையில் பார்த்துப் பயனில்லை, தெளிந்த வானத்தில் பார்க்க வேண்டும். வெயில் நாளிலேயே வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் குற்றவாளி மொட்டை மாடியில் இருக்கிறான்.

அங்கே போனால் முதலில் டிஷ் பார்க்கும் திசையில் நிமிர்ந்து பாருங்கள். உதாரணத்துக்கு, 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே உள்ள செயற்கைக்கோள் சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் இருக்கும். போன வருஷம் தோள் உயரம் இருந்த முருங்கை இந்த வருஷம் அந்த வழியில் கிளை விட்டிருக்கலாம். அப்புறம் எல்.என்.பி.யின் முகப்பு. வெயிலில் பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டிருக்கும், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டியிருக்கும். கூடு மழையில் நனைந்தால் ஈர மண் அலையை உறிஞ்சிவிடும்.

பாதி சேனல் வருகிறது, பாதி வரவில்லை என்றால் சந்தேகம் கேபிள் மேல் போக வேண்டும். அலைகள் இரண்டு வகை முனைவாக்கத்தில், அதாவது இரண்டு வேறு திசைகளில் அதிர்ந்தபடி, வருகின்றன. எதை வாங்குவது என்று பாக்ஸ் அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி எல்.என்.பி.க்குச் சொல்லும். வழியில் துரு இருந்தால் 18 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராது. அந்தப் பக்கத்துச் சேனல்கள் மொத்தமும் காணாமல் போகும். பாக்ஸை அணைத்துவிட்டு எல்.என்.பி. முனையில் உள்ள திருகைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது தனி ஊசி அல்ல, கேபிளின் செம்புக் கம்பியேதான். அது பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்ட வேண்டும். வெளிச்சுற்றுக் கம்பியில் தலைமுடி போல ஒரு இழை செம்பைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். முனைக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொய்ய விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

டிஷ்ஷை நீங்களே திருப்புவதாக இருந்தால், அந்தக் காலத்து “வருதா, வருதா?” முறை உதவாது. பாக்ஸ் சிக்னலைப் பிடிக்கச் சில விநாடி எடுக்கும். இம்மியளவு திருப்பி, நிறுத்தி, கீழே இருப்பவர் தரம் எவ்வளவு என்று சொல்லும் வரை பொறுக்க வேண்டும். இடி மின்னல் இருக்கும்போது மாடிப் பக்கமே போகாதீர்கள்.

சில சமயம் கோளாறு நம் வீட்டிலேயே இருக்காது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சக்தி பழுதாகி, சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளில் பாதியை அணைக்க வேண்டி வந்தது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் சில நாள் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். 93.5 டிகிரி கோளாக இருந்தால் சென்னைப் பக்கம் முற்பகல் 11 மணி வாக்கில் சில நிமிடங்கள் சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கிப்போகும். அதற்காக டெக்னீஷியனைக் கூப்பிட்டால் அவர் வந்து சேர்வதற்குள் படம் திரும்பியிருக்கும், விசிட் சார்ஜ் மட்டும் நம் தலையில்.