ஆன்டிஆக்ஸிடன்ட்: மாத்திரை டப்பாவிலா, சாப்பாட்டுத் தட்டிலா?

உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை நல்லது மேடம்?" என்பதுதான். "எந்தக் காய் நல்லது?" என்று கேட்பவர்கள் குறைவு.

உடல் பிராணவாயுவைக் கொண்டு சக்தி தயாரிக்கும்போதே, பக்கத்தில் இருப்பதைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளான ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாகின்றன. சிகரெட், காற்று மாசு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் எல்லாம் அவற்றைக் கூட்டுகின்றன. அளவு மீறினால் செல்லின் சவ்வும் டிஎன்ஏவும் சேதமடையும். இதைத் தடுக்கும் பொருட்கள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். குளுட்டதையோன் போன்றவற்றை உடலே தயாரித்துக்கொள்கிறது. வைட்டமின் சி, ஈ, காய்கறி, பழங்களுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறம் தரும் கரோட்டினாய்டுகள் போன்றவை உணவிலிருந்து வர வேண்டும். அதற்காக ஃப்ரீ ராடிக்கல்களை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றில்லை. கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்களுக்கு அவை தேவை.

சரி, மாத்திரையாகவே விழுங்கினால் என்ன? காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுகள் காட்டியதும், விஞ்ஞானிகளுக்கும் இதே யோசனைதான் வந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்டுக்கணக்கில் தினமும் கேரட்டில் உள்ள கரோட்டினாய்டான பீட்டா கரோட்டினை 20 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகமானதால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். புகைபிடிப்பவர்கள் "பாதுகாப்புக்கு" என்று இந்த மாத்திரையை வாங்குவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கேரட்டில் பீட்டா கரோட்டின் தனியாக வருவதில்லை. நார்ச்சத்து, பொட்டாசியம், இன்னும் பல நிறமிகள் கூடவே வருகின்றன. அளவும் மிதமாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அதிக அளவில் கொடுத்தால் உடலில் அதன் போக்கே மாறிவிடலாம். குறைபாட்டுக்காகவோ, வயதானவர்களின் விழித்திரைப் பாதிப்புக்காகவோ டாக்டர் எழுதித் தரும் மாத்திரை வேறு விஷயம். அதை நிறுத்தாதீர்கள்.

"எங்க வீட்டுல தினமும் காய் உண்டு" என்று எல்லோருமே சொல்கிறார்கள். ஒரு தட்டை நீட்டி, எவ்வளவு என்று காட்டச் சொல்வேன். சோறு குவிந்திருக்கும், ஓரத்தில் ஒரு ஸ்பூன் பீன்ஸ் பொரியல், சாம்பாரில் இரண்டு முருங்கைத் துண்டு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய், 100 கிராம் பழம் என்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்தத் தட்டில் இருப்பது அதில் கால்வாசிகூட வராது.

சமைக்கும் விதமும் முக்கியம். கேரட், பரங்கி, முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஒரு ஸ்பூன் எண்ணெயோ கொஞ்சம் தேங்காய்த் துருவலோ சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன், பச்சையாகச் சாப்பிடுவதைவிட எண்ணெயில் வதக்கிய தொக்கிலிருந்து நன்றாகக் கிடைக்கும். வைட்டமின் சி இதற்கு நேர் எதிர். சூட்டில் அழியும், தண்ணீரில் கரைந்து போகும். அதனால் கீரையைக் கழுவிவிட்டு நறுக்குங்கள், வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள், எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். வெங்காயத்தின் வெளி அடுக்குகளில்தான் குவெர்செட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம்; உரிக்கும்போது தாராளமாகக் கழித்துவிட வேண்டாம்.

அப்புறம் ஆப்பிள். உடம்பு சரியில்லை என்றால் கடன் வாங்கியாவது ஆப்பிள் வாங்கித் தருகிறோம். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி சுமார் 5 மில்லிகிராம்தான். தள்ளுவண்டியில் விற்கும் கொய்யாவில் அது 200-ஐத் தாண்டும். கொய்யாவைக் கழுவி, தோலோடு கடித்துச் சாப்பிடுங்கள். ஜூஸாக்கி வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும்.

சிலர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பொட்டாசியம் அளவைப் பார்த்துத்தான் காய், பழத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையின் அளவை மாற்றுவதானால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.