நூறும் நூற்றும்: ஸ்பானிஷ் எண்களில் கால் இடறும் இடங்கள்

ஓ, என், சி, இ. இந்த நாலு எழுத்தை ஆங்கிலம் படித்தவர் ‘ஒரு தடவை’ என்று வாசிப்பார். ஸ்பானிஷ்காரர் ‘ஒன்சே’ என்று வாசிப்பார். பதினொன்று என்று அர்த்தம். அமெரிக்காவில் மாத்திரைப் புட்டியின் லேபிளை கணினி அரைகுறையாக ஸ்பானிஷில் மாற்றி, இந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டால், நாளைக்கு ஒரு மாத்திரை பதினொன்றாகிவிடும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைகளை வைத்து 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியது.

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. எண்கள் சுலபம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். இலக்கணத்தில் பிழை விட்டால் சிரிப்பார்கள். எண்ணில் விட்டால் பணம் போகும்.

நானே மாட்டியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. தொலைபேசியில் ‘செசென்தா’ பெட்டி என்றார்கள், நான் ‘செதென்தா’ என்று எழுதிக்கொண்டேன். முன்னது 60, பின்னது 70. நடுவில் ஒரே ஒரு மெய்யொலிதான் வித்தியாசம். பத்துப் பெட்டிக்குக் கணக்குச் சொல்லி மாளவில்லை. அன்றிலிருந்து ‘செய்ஸ், சேரோ’வா, ‘சியெத்தே, சேரோ’வா என்று ஆறு, ஏழு, சுழி எனப் பிரித்துக் கேட்காமல் பேனாவை எடுப்பதில்லை.

தமிழ்க்காரர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. 100 தனியாக நின்றால் ‘சியென்’, பின்னால் சிறிய எண் ஒட்டினால் ‘சியென்தோ’. ஏன் இப்படி என்று ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் திணறுவார்கள். நமக்கு நூறு, நூற்றிருபது என்பது நாக்கிலேயே இருக்கிறது. நூறு புத்தகத்துக்குச் ‘சியென்’, நூற்றிருபதுக்குச் ‘சியென்தோ’, நூறாயிரத்துக்கு மறுபடி ‘சியென்’. தமிழ் எங்கே மாறுகிறதோ அங்கேதான் அதுவும் மாறுகிறது. ஆயிரத்துக்கு முன்னால் ‘ஒரு’ சேர்க்கவும் வேண்டாம். வெறும் ‘மீல்’ போதும். 500, 700, 900 மூன்றும் கோணல், மனப்பாடம்தான் வழி. இருநூறு முதல் தொள்ளாயிரம் வரை உள்ள நூறுகள் பால் பார்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது: புத்தகம் ஆண்பால் என்பதால் ‘தொஸ்சியென்தோஸ்’, பக்கம் பெண்பால் என்பதால் ‘தொஸ்சியென்தாஸ்’.

காகிதத்தில் வரும்போது புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறிக்கொள்ளும். அர்ஜென்டினாவிலிருந்து வரும் பில்லில் ‘1.250 கிலோ’ என்றிருந்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ. ஒன்றேகால் கிலோ என்றால் ‘1,25’ என்று போடுவார்கள். ஸ்பெயினிலும் இதே வழக்கம்தான். ஆனால் மெக்சிகோவில் நம்மைப்போலவே தசமத்துக்குப் புள்ளி. ஆகவே மொழியை மட்டும் பார்த்தால் போதாது, காகிதம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ‘பிய்யோன்’. ஆங்கில பில்லியன் நூறு கோடி. ஸ்பானிஷ் ‘பிய்யோன்’ லட்சம் கோடி, அதாவது ஆயிரம் மடங்கு. நூறு கோடியை அவர்கள் ‘மீல் மிய்யோனேஸ்’, ஆயிரம் மில்லியன் என்பார்கள். வெனிசுலா அதிபர் ரஃபாயெல் கல்தேராவின் யோசனைப்படி 1995இல் ராயல் ஸ்பானிஷ் அகாதெமி, அதாவது ஸ்பானிஷ் அகராதியை வெளியிடும் அமைப்பு, நூறு கோடிக்கு ‘மிய்யார்தோ’ என்ற தனிச்சொல்லை ஏற்றது. ஆனாலும் என் மேசைக்கு வரும் காகிதங்களில் அது தலைகாட்டுவது அபூர்வம்.

கடைசியாக நாள் கணக்கு. ஸ்பெயினில் மருத்துவர் ‘ஒச்சோ தீயாஸ்’ கழித்து வரச் சொன்னால், சொல்லுக்குச் சொல் எட்டு நாள். வியாழக்கிழமை சொன்னால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போய் நிற்பீர்கள். அவர் சொன்னது ஒரு வாரம்; அடுத்த வியாழன். அதேபோல ‘கின்சே தீயாஸ்’, பதினைந்து நாள் என்றால் இரண்டு வாரம். இன்றையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ‘இன்றைக்கு எட்டாம் நாள் வா’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எண்ணும் அதே எண்ணிக்கை.