பட்டிக்குப் போட்ட ஊசி மந்தைக்குப் போதுமா?

தாராபுரம் பக்கம் ஒரு கொரங்காடு, வேலி அடைத்த மேய்ச்சல் நிலம். கிளுவை வேலியோரம் ஏழு குட்டிகளைப் புதைத்துவிட்டு நின்ற பெரியவர் கேட்டார்: "நம்ம பட்டிக்குப் போன வருசமே ஊசி போட்டாச்சுங்களே டாக்டர், அப்பறம் எப்படிங்க வந்துச்சு?"

அவர் சொன்னது உண்மை. பட்டி என்ற சொல்லில்தான் சிக்கல்.

படல் கட்டி இரவில் அடைக்கும் இடமும் பட்டி, அதில் அடையும் ஆடுகளும் பட்டி. பட்டிப் பொங்கலன்று 'பட்டி பெருக' என்று வாழ்த்துவது அதைத்தான். உரத்துக்காக வயலில் மடக்கினால் கிடை. பலர் வீட்டு ஆடுமாடு கலந்து மேய்ந்தால் மந்தை. தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் கால்நடைக் கூட்டத்துக்குத் 'தொறு' என்று பெயர். அதை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள்.

பட்டிக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. மந்தைக்குக் கிடையாது. நோய் பரவுவதோ மந்தையில்.

வந்திருந்தது ஆட்டுக்கொல்லி. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், பிறகு கழிச்சலும் இருமலும். மாடுகளைத் தீர்த்த வெக்கை நோய்க்கு இது நெருங்கிய சொந்தம். வெக்கை உலகைவிட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லிக்கு இலக்கு 2030.

தடுப்பூசி ஒருமுறை போட்டால் குறைந்தது 3 ஆண்டு தாங்கும். ஆனால் செத்தவை ஐந்து மாதக் குட்டிகள், ஊசிக்குப் பிறகு பிறந்தவை. சீம்பாலில் வந்த எதிர்ப்பு அதற்குள் தேய்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தார் சந்தையில் வாங்கிய இரண்டு வெள்ளாடுகள், வந்த அன்றே பெரியவரின் ஆடுகளோடு ஒரே குட்டையில் தண்ணீர் குடித்திருக்கின்றன.

"அது அவிங்க பட்டிங்க" என்றார் பெரியவர்.

"குட்டை ஒண்ணுதானுங்களே அப்பாரு" என்றேன். பேசாமல் நின்றார்.

கொரோனா காலத்தில் 'மந்தை எதிர்ப்பாற்றல்' என்று கேட்டு, மனிதரை ஆடுமாடாக்குவதா என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அதில் இழிவு தெரியவில்லை. ஊசி போடும் வயது வராத குட்டியைக் காப்பது, சுற்றி நிற்கும் ஊசி போட்ட ஆடுகள்தான்.

நான்கு மாதம் முடிந்த குட்டிகளைத் தவறாமல் முகாமுக்கு ஓட்டி வாருங்கள். சந்தையில் வாங்கியதை 21 நாள் தனிப் படலில் அடையுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனியாக. எத்தனை ஆடு என்று நாங்கள் கேட்டால், உங்கள் குட்டைக்கு வரும் ஆடுகளையெல்லாம் எண்ணிச் சொல்லுங்கள்.