ஸ்பீக்கரை ஒளிக்கலாம், ஃப்யூஸை ஒளிக்கக் கூடாது

போன பங்குனிக் கடைசியில், மதுரை பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு சிவப்பு சான் ஸ்டார்ம் வந்து நின்றது. படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வண்டியைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த, கோவாவில் தயாரான இரண்டு சீட் வண்டி. துணிக் கூரை, 1149 சிசி ரெனோ எஞ்சின், மேலுடம்பு முழுக்க ஃபைபர். இன்றைக்கும் தெருவில் நின்றால், டீ குடிக்கிறவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து சுற்றிப் பார்க்கிறார்கள். ஓட்டி வந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தாய்மாமா ஆசை ஆசையாக வைத்திருந்த வண்டி இவர் கைக்கு வந்திருக்கிறது.

"அண்ணே, பாட்டு நல்லாக் கேக்கணும். ஆனா பாத்தா ஒண்ணுமே தெரியக் கூடாது. மாமா வந்து பாத்தாருன்னா, வண்டி அவரு வச்சிருந்த மாதிரியே இருக்கணும்" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. 'ஒண்ணுமே தெரியக் கூடாது' என்று யாராவது சொன்னால் இப்போதும் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். வெளியே தெரிகிற வேலையில் தப்பு நடந்தால் நீங்களே கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்துவிடுவீர்கள். கார்பெட்டுக்கு அடியில் நடந்த தப்பு, புகை வரும்வரை யாருக்கும் தெரியாது.

ஏற்கெனவே ஒரு கடையில் அந்த வண்டிக்கு சவுண்ட் வைத்திருந்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பாட்டுக்கு நடுவே 'விர்ர்ர்' என்று ஒரு இரைச்சல், மிதிக்க மிதிக்க ஏறும். கடையில் கேட்டதற்கு, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்களாம். வண்டிக்கும் வயதுக்கும் அதில் சம்பந்தமே இல்லை. சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். பாட்டுச் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபயரின் (நாங்கள் ஆம்ப் என்போம்) எர்த் ஒயரை, ஃபைபரில் பதித்திருந்த ஒரு சின்ன இரும்புப் பட்டையில் ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தார்கள்.

மற்ற கார்களில் தகட்டு உடம்புதான் எர்த். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு எங்கே முறுக்கினாலும் பேட்டரியின் மைனஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பழக்கதோஷத்தில் அதையே இங்கேயும் செய்திருக்கிறார்கள். ஃபைபரில் கரன்ட் ஓடாது. திரும்பிப் போக வழி இல்லாத கரன்ட், ஸ்டீரியோவில் இருந்து ஆம்புக்கு வருகிற ஆர்சிஏ ஒயரின் மேல்வலையில் ஏறி ஸ்டீரியோ வழியாகப் போகப் பார்க்கும். பாட்டு வருகிற பாதையிலேயே, பேட்டரியைச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் இரைச்சலும் சேர்ந்து வருவது அதனால்தான். தலைமுடி கனத்தில் இருக்கிற அந்த வலை சூடாகும், ஸ்டீரியோவுக்குள் இருக்கிற பொடி ஃப்யூஸும் போகும். அதற்கு அப்புறம் புது ஸ்டீரியோ வாங்கச் சொல்வார்கள். இந்த மாதிரி வண்டிக்கு பிளஸ் ஒயர் என்ன கனமோ அதே கனத்தில் ஒரு மைனஸ் ஒயரையும் பேட்டரி வரை கூடவே இழுத்துவிட வேண்டும். கூடுதல் செலவுதான், வேறு வழியில்லை.

எர்த் தப்பானால் இரைச்சலோடும் ஸ்டீரியோவோடும் போயிற்று. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. பேட்டரியில் இருந்து வருகிற பிளஸ் ஒயரைப் பின்னால் இருந்து தொட்டுக்கொண்டே முன்னால் போனேன். ஃப்யூஸ் ஒன்று இருந்தது, ஆனால் ஆம்புக்குப் பக்கத்தில்! பேட்டரியின் பக்கம் எதுவுமே இல்லை.

12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது. அதனாலேயே கார் பேட்டரி என்றால் யாருக்கும் பயம் கிடையாது. ஆனால் அந்தப் பிளஸ் ஒயர் எங்கேயாவது இரும்பில் உரசித் தோல் கிழிந்து ஷார்ட் ஆனால், கண் மூடித் திறப்பதற்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் கொல்லன் உலைக் கம்பி மாதிரி சிவந்துவிடும். ஃப்யூஸ் போடுவது ஆம்பைக் காப்பாற்ற என்று நிறைய எலக்ட்ரீஷியன்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மெயின் ஃப்யூஸின் வேலை ஒயரைக் காப்பது. அது ஆம்பின் பக்கத்தில் இருந்தால், பேட்டரியில் இருந்து அதுவரை வருகிற நாலு மீட்டர் ஒயருக்குக் காவலே கிடையாது. அதனால் பேட்டரி முனையில் இருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். அதோடு, எஞ்சின் பக்கத்தில் இருந்து உள்ளே ஒயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் கிராமெட், அதாவது ஓட்டை விளிம்பில் மாட்டுகிற ரப்பர் வளையம், இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டு ஓரம் கத்தி மாதிரி. எஞ்சின் அதிர்வில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒயர்த் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

சில வருஷத்துக்கு முன் மேலூர் பக்கமிருந்து ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கிராமெட் இல்லாத ஓட்டை, ஃப்யூஸ் இல்லாத ஒயர். முன் சீட்டுக்கு அடியில் கார்பெட் கருகிப்போயிருந்தது. பின்சீட்டில் இருந்த சின்னப் பிள்ளைதான் 'ரப்பர் வாசம் வருதுப்பா' என்று முதலில் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு ஃப்யூஸ் விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

ஸ்டார்மில் இருந்த ஒயரை அறுத்துப் பார்த்தோம். வெளியில் சுண்டுவிரல் கனம். உள்ளே இருந்த கம்பியோ தீக்குச்சி கனம்தான், மற்றதெல்லாம் பிளாஸ்டிக் தோல். அந்தக் கம்பியும் செம்பு இல்லை, செம்பு முலாம் பூசிய அலுமினியம். கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அலுமினியமும் கரன்ட்டைக் கடத்தும்தான், ஆனால் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கு கூடத் தேறாது. ஒயர் வாங்கும்போது வெளிக் கனத்தைப் பார்க்காதீர்கள். முனையைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

வாட்ஸ் கணக்கிலும் இப்படி ஒரு கண்கட்டு வித்தை உண்டு. பெட்டியின் மேல் 4000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். ஆம்பைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் செருகியிருக்கிற ஃப்யூஸில் 30 என்று இருந்தால், அது இழுக்கக் கூடியது 30 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது கிடைக்கிற 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். அதில் ஒரு பங்கு சூடாகக் கழிந்து, சூட்டில் குறைவாக வீணாக்குகிற நல்ல கிளாஸ் டி ரக ஆம்பாக இருந்தால் 330 சொச்சம் வெளியே வரும். நாலாயிரம் எங்கே இருந்து வரும்? இரண்டு பேர் உட்காருகிற வண்டிக்கு 300 நிஜ வாட்ஸ் தாராளம்.

சரி, எதை எங்கே ஒளிப்பது என்ற கதைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பேஸ், அதாவது 'தும் தும்' என்கிற கீழ் ஸ்தாயிச் சத்தம், எங்கிருந்து வருகிறது என்று நம் காதுக்குத் திசை பிடிபடாது. 80 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை நாலு மீட்டருக்கும் மேல் நீளம். ஸ்டார்மின் உள்ளறை அதில் பாதி கூட இல்லை. அதனால் பேஸ் அடிக்கிற ஸ்பீக்கரான வூஃபரை எங்கே வேண்டுமானாலும் ஒளிக்கலாம், முன்னால் இருந்து அடிக்கிற மாதிரியே கேட்கும். மேல் ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர் அப்படி இல்லை. மேல் ஸ்தாயி நேர்கோட்டில் போகிற சமாச்சாரம். அதன் முன்னால் ரெக்ஸினை ஒட்டிவிட்டு 'பாட்டு மந்தமாக் கேக்குது' என்றால் அது ட்வீட்டரின் குற்றமில்லை. மூச்சு விடுகிற மாதிரி மெல்லிய கிரில் துணிதான் அங்கே போட வேண்டும். டேஷ்போர்டின் மேல்மூலையில் குழி எடுத்து ட்வீட்டரை இறக்கி, அதே கறுப்பில் துணி போர்த்தினோம். விரலால் தடவினால்தான் தெரியும். கூரையைத் திறந்து வேகமாகப் போனால் காற்றிரைச்சலில் பாட்டு அடிபட்டுப் போகும் என்பது இந்த ரக வண்டிகளுக்கு எல்லாம் உள்ள சங்கடம். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் சில மாடல்களில் சீட்டில் தலை சாய்க்கிற இடத்திலேயே ஸ்பீக்கர் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

8 இஞ்ச் வூஃபருக்கு மூடிய பெட்டி என்றால் 10, 12 லிட்டர் இடம் போதும், அதாவது ஒரு சின்னக் குடம். சீட்டுக்குப் பின்னால் இருந்த கோணல்மாணலான சந்தில் மரப்பெட்டி உட்காரவில்லை. அந்தச் சந்திலேயே டேப் ஒட்டி, ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசின் பிசினும் போட்டு அச்செடுத்தோம். வெயில் காலத்தில் மதுரையில் இந்த வேலை செய்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரை டப்பாவில் போட்ட அளவுக்கு ஊற்றினால் மத்தியானம் கிண்ணத்திலேயே இறுகி, தொட முடியாத அளவுக்குச் சுடும். காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் என் ஒர்க்‌ஷாப்பில் யாரும் டப்பாவைத் தொட முடியாது. கைலியோடு நின்று ஃபைபரை அறுத்தவர்களுக்கு ராத்திரி முழுக்க வரும் அரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியை இறுக்கும்போதுதான் இன்னொரு கண்டம். சின்ன வண்டிகளில் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் சீட்டுக்குப் பின்னாலோ அடியிலோதான் இருக்கும். பிரேக் பைப்பும் தரையை ஒட்டியே ஓடும். மேலே இருந்து குத்துமதிப்பாக ட்ரில்லை இறக்குகிறவன் எதைத் துளைக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. வண்டியைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் ஓட்டை போட வேண்டும். நாங்கள் ஓட்டையே போடவில்லை. சீட் போல்ட்டையே பிடிமானமாக்கிக்கொண்டோம்.

ஆம்பை எங்கே வைப்பது என்பதில் நானே ஒரு காலத்தில் சூடுபட்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு சீட்டுக்கு அடியில் ஆம்பை வைத்து, வெளியே தெரியக் கூடாது என்று சுற்றிலும் ஃபோம் அடைத்துக் கொடுத்தேன். அழகரை மதுரையே வரவேற்கிற எதிர்சேவை அன்றைக்குக் கோரிப்பாளையத்தில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டவருக்குப் பாட்டு நின்றுபோனது. ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது என் புண்ணியம். அதில் இருந்து, ஆம்பின் மேல் நாலு விரல் காற்று இல்லாமல் வைப்பதில்லை. துணிக் கூரை வண்டி என்றால் மழைத்தண்ணீர் தரையில் தேங்கும். அதனால் கீழேயும் இரண்டு இஞ்ச் தூக்கித்தான் வைப்போம். ஸ்டார்மில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பொய்ப்பலகை அடித்து, கார்பெட் ஒட்டி, அதற்குள் வைத்தோம். ஒரு ரூபாய்க் காசை வைத்து இரண்டு திருகைத் திருப்பினால் பலகை கையோடு வந்துவிடும்.

கதவுக்குள் அதிர்வு குறைக்க ஒட்டுகிற ஷீட்டிலும் கவனம் வேண்டும். மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட்டைக் கதவில் ஒட்டி மிச்சம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி சாதாரணம். சித்திரையில் அந்தத் தார் இளகி, கண்ணாடி ஏற்றி இறக்குகிற மெஷினில் வழிந்திருக்கும். பியூட்டைல் ரப்பர் ஷீட் விலை கூடத்தான், ஆனால் ஒழுகாது.

புது வண்டிக்காரர்களுக்கு ஒன்று. மஞ்சள் ஒயர், மஞ்சள் கப்ளர் (ஒயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் மூட்டு) தெரிந்தால் அது ஏர்பேக் சமாச்சாரம், பேட்டரியைக் கழற்றாமல் அதன் பக்கம் கையே போகக் கூடாது. பக்கத் தூணில் ஏர்பேக் இருக்கிற வண்டியில் அங்கே ட்வீட்டர் வைக்கச் சொல்லாதீர்கள். ஏர்பேக் வெடித்துத் திறக்கும்போது அந்த ட்வீட்டர் முகத்துக்குத்தான் வரும். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்துச் செய்யச் சொல்லுங்கள், வாரன்டியில் வம்பு குறையும். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது இந்தச் சாமான்களின் பில்லைக் காட்டி, தனியாக வைத்த எலக்ட்ரிக்கல் பொருட்களுக்கான ஐஎம்டி 24 என்கிற கூடுதல் காப்பைச் சேர்க்கச் சொன்னால் கொஞ்சம் பிரீமியம் கூடும். சேர்க்காவிட்டால், திருடு போனாலும் எரிந்தாலும் அந்தச் சாமான்களுக்குக் காசு கேட்க முடியாது.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கப்பா கோபித்துக்கொள்வார். உசிலம்பட்டிப் பக்கம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ரேடியோ கட்டியவர். இன்றைக்கு டிவியை முழுசாக வைத்துவிட்டு 'என்னடா சொல்றான்' என்று எங்களைக் கேட்கிறார். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை சரி என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிவிடும். 90 போனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். மூடிய சின்ன வண்டிக்குள் 90 என்பது ஒன்றும் பெரிய சத்தமாகத் தோன்றாது. அதனால் நான் ஆம்பில் சத்தத்தை ஏற்றுகிற கெயின் திருகைக் குறைத்தே வைத்துக் கொடுக்கிறேன். சில பேர் திட்டுவார்கள்.

ஸ்டார்மை மூடுவதற்கு முன்னால் தம்பியை வரச் சொன்னேன். ஒயர் போகிற பாதை, ஃப்யூஸ், எர்த், பெட்டியின் பிடிமானம் எல்லாவற்றையும் அவர் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எந்த மெக்கானிக் நாளைக்கு இதைத் திறந்தாலும் அந்தப் படம் உதவும். ஃப்யூஸ் எங்கே என்று அவரையே ஒருமுறை கழற்றி மாட்ட வைத்தேன். வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கிற வண்டி என்பதால், சாவியை எடுத்த பிறகு எவ்வளவு கரன்ட் கசிகிறது என்றும் மீட்டர் வைத்துப் பார்த்தோம். 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் போதும், 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒரு மாதத்தில் காலி. இதில் 20-க்குள் இருந்தது.

மாமா வந்து பார்த்தாராம். சீட்டைத் தடவி, டேஷ்போர்டைத் தட்டி, பாட்டு எங்கிருந்துடா வருது என்று கேட்டாராம். மூன்று நாள் கழித்துத் தம்பியிடம் இருந்து போன்: "அண்ணே, பேஸ் வந்தா பின்னாடி ஒரு கிடுகிடு சத்தம்ணே." ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப் பார்த்தேன். நம்பர் பிளேட். பின்னால் நாலு துண்டு ஃபோம் டேப் ஒட்டி அனுப்பினேன், அதற்குக் காசு வாங்கவில்லை.