எந்தக் கால், சார்?

சில ஆண்டுகளுக்கு முன், பாளையங்கோட்டையில் நடந்த ஒரு பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியில் நான் நடுவர். கடைசி நிமிடத்தில், ஓடிவந்து லே-அப் (கூடைக்கு அருகில் எழும்பிப் பந்தைப் போடுவது) போட்ட மாணவி ஒருத்தியின் கூடையை ‘டிராவல்’, அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அளவுக்கு மேல் அடி வைத்த தவறு, என்று விசிலடித்து ரத்து செய்தேன். அவள் கோபப்படவில்லை. மூச்சு வாங்கியபடி அருகில் வந்து, “எந்தக் கால், சார்?” என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மூன்று அடி வைத்ததுபோல் ஒரு தோற்றம் கண்ணில் நின்றதே தவிர, பந்து அவள் கையில் அடங்கிய நொடியில் எந்தக் கால் தரையில் இருந்தது என்பதை நான் பார்க்கவே இல்லை.

பார்த்திருந்தால் விசில் ஊதியிருக்க மாட்டேன். 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி, ஓட்டத்தில் இருப்பவர் பந்தைக் கைக்குள் கொண்டுவரும் நொடியில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதற்குப் பின் வைக்கும் இரண்டு அடிகளே கணக்கு. வலது கையால் லே-அப் போடுபவர் டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவதை) முடித்துப் பந்தைப் பிடிக்கும்போது இடது கால் தரையில் இருந்தால் அது பூஜ்யம், அடுத்த வலது கால் ஒன்று, மறுபடி இடது கால் இரண்டு. அந்தக் காலில் எழும்பிப் பந்தை விட்டால் ஆட்டம் சரிதான். கேலரியின் கண் இதை மூன்று என்று எண்ணி, ‘ஸ்டெப்ஸ், ஸ்டெப்ஸ்’ என்று கத்தும். அன்று நான் கேலரியோடு சேர்ந்து எண்ணியிருக்கிறேன்.

உண்மையில் நாங்கள் அதிகம் தவறவிடுவது வேறொரு டிராவல். நின்ற இடத்தில் பந்தை வாங்கியவருக்குப் பூஜ்ய அடி கிடையாது. அவர் டிரிபிளைத் தொடங்கும்போது பிவட் கால் (ஊன்றி நிற்கும் கால்) தரையை விட்டு எழுவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பந்தைக் கொண்டுபோகும் வேகமான ஆட்டக்காரர்களான கார்டுகள் எதிராளியைத் தாண்டப் பாயும் முதல் எட்டிலேயே இதை மீறுவார்கள், ஆனால் அதற்கு யாரும் கத்துவதில்லை என்பதால் எங்கள் கண்ணும் அசந்துவிடுகிறது. அதேபோல், பந்தோடு விழுந்து சிமெண்ட் தரையில் முட்டி தேயச் சறுக்குவது தவறல்ல. பந்தை வைத்துக்கொண்டே உருண்டாலோ எழுந்திருக்கப் பார்த்தாலோதான் டிராவல்.

ஃபவுல் தீர்ப்புகளில் வரும் சண்டை வேறு வகை. “அண்ணாச்சி, அவன் நகந்துகிட்டேல்லா இருந்தான், அது எப்படி சார்ஜ் ஆகும்?” என்று ஆட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போதுகூட என்னை நிறுத்திக் கேட்பவர்கள் உண்டு. தடுப்பவர் சிலையாக நிற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எதிராளியை நேராகப் பார்த்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி ஒருமுறை இடம்பிடித்துவிட்டால், அதன்பின் அவர் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம், கைகளை உயர்த்தி நேர்க்குத்தாகக் குதிக்கவும் செய்யலாம். அந்நிலையில் பந்துக்காரர் வந்து அவர் மார்பில் மோதினால் அது சார்ஜ், அதாவது பந்துக்காரரின் ஃபவுல். பந்துக்காரர் காற்றில் எழும்பிய பிறகு அவர் பாதைக்குள் தடுப்பவர் புகுந்து மோதல் ஏற்பட்டால் அது பிளாக், அதாவது தடுப்பவரின் ஃபவுல். இரண்டுக்கும் இடையே அரை நொடிகூட இருக்காது.

ஆகவே, தாக்குதல் தொடங்கியதுமே என் பார்வையைப் பந்திலிருந்து பிடுங்கித் தடுப்பவர் மேல் வைக்கப் பழகியிருக்கிறேன். பந்தின் பின்னாலேயே ஓடிவரும் நடுவருக்குத் தெரிவது பந்துக்காரரின் முதுகு மட்டும்தான். இரண்டு உடல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியும்படி ஓரிரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து நின்றால்தான் அது மூடுவதைப் பார்க்க முடியும். சத்தத்தையும் நம்பக் கூடாது. உள்ளங்கை பந்தில் படும்போதுதான் ‘பட்’ என்று கேட்டு மைதானமே கொந்தளிக்கும், முன்கையில் விழும் அடியோ பெரும்பாலும் சத்தமே இல்லாமல் போய்விடும். தொட்டதெல்லாம் ஃபவுலும் ஆகாது. அந்தத் தொடுகையால் ஒருவரின் வேகமோ சமநிலையோ குலைந்ததா என்பதே கேள்வி. முதல் குவார்ட்டரில் விட்டுவிட்ட தொடுகையைக் கடைசி குவார்ட்டரில் ஊதும் நடுவரை மாணவர்கள் மன்னிப்பதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

இன்னொன்று, கூடைக்குக் கீழுள்ள சார்ஜ் இல்லாத அரைவட்டம். கூடையின் மையத்துக்கு நேர் கீழிருந்து 1.25 மீட்டர் ஆரமுள்ள இந்தக் கோடு நம் பக்கத்துப் பழைய கோர்ட்டுகள் பலவற்றில் இல்லை. காற்றில் எழும்பி ஷூட் செய்பவர் அதற்குள் நிற்கும் தடுப்பவர்மேல் மோதினால், கை கால்களைத் தவறாகப் பயன்படுத்தாதவரை, அது சார்ஜ் ஆகாது. கோடே இல்லாத தரையில் இதை எதை வைத்துத் தீர்ப்பது? அதனால் ஆட்டத்துக்கு முன் நானும் உடன் நடுவரும் ஒரு கயிற்றை அளந்து பிடித்து, சாக்பீஸால் அரைவட்டம் வரைந்து, இரு கேப்டன்களையும் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறோம். தென்காசிப் பக்கம் சாரல் அடித்தால் அது அழிந்துவிடும். தரை காய்ந்ததும் திரும்ப வரைவோம்.